விளையாட்டா, வருமானமா? பிளாக்செயின் கேம்கள் பற்றி நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை மாலைகளில் கேம் விளையாட ஒரு கூட்டம் சேரும். பிளாக்செயின் கேம்களைத் தொடர்ந்து விளையாடுபவன் நான்தான் என்பதால், அதைப் பற்றிச் சந்தேகம் வந்தால் எல்லாரையும் என்னிடம் அனுப்பிவிடுவார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், தேசிய சேவையில் இருக்கும் தம்பிகள், அவர்களைப் பெற்றவர்கள் என யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான். அதனால் தொகுத்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

என் பக்கம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு கேம்கள் பிடிக்கும். பிளாக்செயின் வைத்து நல்ல கேம் செய்ய முடியும் என்று நம்புகிறேன். ஆனால் ஒரு கேமுக்குக் காசு கொடுத்து, விளையாடி, அதைத் திரும்ப எதிர்பார்க்காமல் போகும் மனிதர்கள் இருந்தால்தான் அந்த கேம் உயிரோடு இருக்கும். கீழே உள்ள பதில்களில் பாதி இதை ஒட்டித்தான் வரும்.

"அண்ணே, பிளாக்செயின் கேம்னா என்ன? சாதாரண கேம்லயும்தான் கத்தி, கார்டு எல்லாம் காசு குடுத்து வாங்குறோமே?"

சாதாரண கேமில் நீங்கள் வாங்கிய கத்தி அந்த நிறுவனத்தின் கணினியில் உள்ள ஒரு பதிவு. உங்கள் கணக்கை அவர்கள் முடக்கினால் கத்தியும் போயிற்று. நண்பருக்கு விற்க நினைத்தால் பெரும்பாலும் விதிமுறை இடம் தராது. பிளாக்செயின் கேமில் அந்தப் பதிவு, பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் ஒரு பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதுதான் பிளாக்செயின். எது யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு நிறுவனம் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவது கடினம். பொருளை நீங்கள் விற்கலாம், சும்மாவும் கொடுக்கலாம்.

அந்தப் பேரேட்டில் இரண்டு விதமான பொருள்கள் இருக்கும். தனித்தனி அடையாளம் உள்ள வாள், கார்டு, நிலம் போன்றவை என்எஃப்டி. ஒன்றுக்கு இன்னொன்று சமமாக, நாணயம் போலப் புழங்குவது டோக்கன். தலைவலி பெரும்பாலும் இரண்டாவதால்தான் வருகிறது.

பரவலாகப் பேசப்பட்ட முதல் கேம் 2017 நவம்பரில் வந்த கிரிப்டோகிட்டீஸ். பூனைகளை வாங்கி, குட்டி போட வைத்து, விற்க வேண்டும். அந்த டிசம்பரில் கூட்டம் தாங்காமல், அது ஓடிய எதீரியம் என்ற பிளாக்செயின் வலையமைப்பே திணறியது. ஆனால் வாங்கிய பூனையை வைத்து விளையாட அதில் வேறு வேலை அதிகம் இருக்கவில்லை.

"இதை விளையாட முதல்ல காயின் வாங்கணுமா? வாலட் எல்லாம் வேணுமா?"

இப்போது வரும் பல கேம்களில் வேண்டாம். மின்னஞ்சல் கொடுத்து இலவசமாக ஆரம்பிக்கலாம். பொருளை வெளியே விற்க நினைக்கும்போதுதான் வாலட், அதாவது டோக்கனையும் என்எஃப்டியையும் வைத்திருக்கும் மின்பணப்பை, தேவைப்படும். முதல் திரையிலேயே "வாலட்டை இணையுங்கள், டோக்கன் வாங்குங்கள்" என்று வந்தால் நான் அங்கேயே நின்று யோசிப்பேன்.

"விளையாடிக்கிட்டே சம்பாதிக்கலாம்னு 2021ல எல்லாரும் சொன்னாங்களே, அது ஏன் படுத்துடுச்சு?"

அந்தக் காலத்தின் பெரிய பெயர் ஆக்ஸி இன்ஃபினிட்டி. வியட்நாமைச் சேர்ந்த ஸ்கை மேவிஸ் நிறுவனம் உருவாக்கியது. ஆக்ஸி என்ற சிறு பிராணிகள் மூன்றை வாங்கினால்தான் விளையாட்டுக்குள் நுழைய முடியும். 2021ன் நடுவில் அதற்கே பல நூறு அமெரிக்க டாலர் ஆனது. விளையாடி ஜெயித்தால் எஸ்எல்பி என்ற டோக்கன் கிடைக்கும், அதைச் சந்தையில் விற்கலாம். கொரோனாவால் வேலை இழந்த பிலிப்பீன்ஸ் குடும்பங்கள் பல இதை நம்பி இறங்கின. பிராணி வாங்க வசதி இல்லாதவர்களுக்கு வேறு ஒருவர் இரவல் கொடுப்பார், வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்வார். அதற்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்தார்கள்.

எஸ்எல்பிக்கு இருந்த முக்கியமான பயன், புதிய ஆக்ஸிகளைக் குட்டி போட வைப்பது. புதிய ஆக்ஸிகளை யார் வாங்குவார்கள்? புதிதாக வரும் ஆட்டக்காரர்கள். ஆக, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் வருமானம் அடுத்து வருபவர்களின் நுழைவுப் பணத்திலிருந்து வந்தது. தினமும் லட்சக்கணக்கானவர்கள் எஸ்எல்பி சம்பாதித்து விற்றார்கள். அதை வாங்கிச் செலவழித்துத் தீர்க்க அத்தனை பேர் இல்லை. 2021 நடுவில் 30 அமெரிக்க சென்டைத் தாண்டியிருந்த எஸ்எல்பி, அடுத்த ஆண்டு நடுவில் ஒரு சென்டுக்கும் கீழே போனது. 2022 பிப்ரவரியில் தினசரிப் பணிகளுக்கும் தனியாக ஆடும் சாகசப் பகுதிக்கும் எஸ்எல்பி கொடுப்பதையே நிறுத்தினார்கள். விலை அப்போதும் தேறவில்லை.

எனக்கு இதில் வருத்தம் தருவது விலை இல்லை. ஆக்ஸியின் சண்டை முறையில் யோசிக்க வேண்டிய விஷயங்கள் நிஜமாகவே இருந்தன. கார்டுகளை எந்த வரிசையில் போடுவது, சக்தியை எப்போது சேமிப்பது என்று மணிக்கணக்கில் பேசலாம். ஆனால் நான் கேட்ட பேச்செல்லாம் "இன்னைக்கு ரேட் என்ன" என்பதாகவே இருந்தது.

"காசும் வந்தா இன்னும் ஜாலிதானே? ரெண்டும் சேர்ந்து இருந்தா என்ன தப்பு?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனித மனம் அப்படி வேலை செய்வதில்லை. 1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படம் வரைய ஆசைப்படும் பாலர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். மற்றவர்களுக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகளுக்கு வரைவதில் இருந்த ஆர்வம் குறைந்திருந்தது. பரிசை எதிர்பார்க்காமல் வரைந்தவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

கேம் உலகத்திலும் உதாரணம் உண்டு, அதுவும் பிளாக்செயின் இல்லாமலேயே. பிளிஸார்டு நிறுவனம் 2012ல் டயாப்லோ 3 கேமில் உண்மைப் பணத்துக்குப் பொருள் விற்கும் ஏலக்கூடம் திறந்தது. அரக்கர்களைக் கொன்று நல்ல ஆயுதம் தேடுவதுதான் அந்த கேமின் உயிர். கடையிலேயே வாங்கலாம் என்று ஆன பிறகு எதற்கு அரக்கனைத் தேடிப் போக வேண்டும்? ஏலக்கூடம் விளையாட்டின் அடிப்படையையே கெடுக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டு 2014 மார்ச்சில் மூடிவிட்டார்கள். விற்பனையில் வருமானம் வந்துகொண்டிருந்த ஒன்றை ஆட்டத்துக்காக மூடினார்கள் என்பதால், அந்த முடிவின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

"சரி, 'முதல்ல விளையாட்டு'ன்னு இப்ப வர்ற கேம்கள் என்னத்த மாத்தியிருக்காங்க?"

முதல் மாற்றம் நுழைவாயிலில். ஆக்ஸியே 2022 ஏப்ரலில் ஆரிஜின்ஸ் என்ற புதிய வடிவத்தில் ஆரம்ப ஆக்ஸிகளை இலவசமாகக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் இம்யூட்டபிள் நிறுவனம் வெளியிட்ட காட்ஸ் அன்செயின்டு என்ற கார்டு கேமும் இலவசம். அதன் இயக்குநராக இருந்தவர் முன்பு மேஜிக்: தி கேதரிங் அரீனா என்ற கார்டு கேமில் அதே பொறுப்பில் இருந்தவர். கார்டு கேம் எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்தவர் கையில் அது உருவானது ஆட்டத்தில் தெரியும். விளையாடிக் கிடைக்கும் சாதாரணக் கார்டுகள் உங்கள் கணக்கோடு ஒட்டியிருக்கும். ஒரே மாதிரிக் கார்டுகளைச் சேர்த்து உருக்கினால்தான் விற்கக்கூடிய கார்டு ஆகும். விற்க விருப்பமில்லாதவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது, பிளாக்செயினைக் கண்ணில் படாமல் பின்னால் வைப்பது. 2024 அக்டோபரில் முன்னோட்டப் பதிப்பாக வந்த ஆஃப் தி கிரிட் இதற்கு நல்ல உதாரணம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், எபிக் என்ற இணைய கேம் கடை என வழக்கமான இடங்களில் இலவசமாகக் கிடைத்தது. சுடுவது, ஓடுவது, கை கால்களையே இயந்திர உறுப்புகளாக மாற்றிக்கொள்வது என்று ஆட்டம் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் பிளாக்செயின் இருப்பது தெரியாமலே விளையாடியவர்கள் எங்கள் கூட்டத்திலும் உண்டு.

"கேம் நல்லா இருந்தா அது போதுமே, அப்புறம் பிளாக்செயின் எதுக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். பெரும்பாலான கேம்களுக்கு அது தேவையே இல்லை. ஒரு கதை கேமுக்கோ, தனியாக ஆடும் புதிர் கேமுக்கோ அதைச் சேர்ப்பதால் ஆட்டக்காரருக்கு ஒரு பயனும் கிடையாது.

எங்கே பயன் தருகிறது என்று கேட்டால், பண்டமாற்றே ஆட்டத்தின் பகுதியாக இருக்கும் இடத்தில். கார்டு சேகரிப்பவர்கள் காலங்காலமாக மாற்றிக்கொள்கிறார்கள், விற்கிறார்கள். காகிதக் கார்டில் இருந்த அந்தச் சுதந்திரம் திரைக்கு வந்ததும் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவருவது நல்ல காரணம். இன்னொரு காரணம் எனக்கு இன்னும் பிடித்தது: விதிகளே திறந்திருப்பது. 2020ல் வந்த டார்க் ஃபாரஸ்ட் என்ற விண்வெளி கேமில் ஆட்டம் முழுக்க பிளாக்செயினில்தான் நடந்தது. எல்லாம் பொதுவில் இருந்தும் உங்கள் கோள் எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியாது. ரகசியத்தை வெளியிடாமலேயே "என் நகர்வு விதிப்படி சரி" என்று நிரூபிக்கும் கணித முறையை அதற்குப் பயன்படுத்தினார்கள். ஆட்டக்காரர்கள் தாங்களே கருவிகள் எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பாதிக்கத் தனி டோக்கன் எதுவும் இல்லை. ஆனாலும் இரவு பகலாக விளையாடினார்கள்.

"ஒரு கேம் உண்மையிலேயே நல்லா இருக்கா, இல்ல டோக்கனுக்காக ஓடுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் அந்த கேமின் அறைக்குள் போய்ப் பேச்சைக் கொஞ்ச நேரம் படியுங்கள். "இந்தக் கதாபாத்திரத்தை எப்படித் தோற்கடிப்பது", "அந்த வரைபடத்தில் எங்கே ஒளிவது" என்று பேசினால் நல்ல அறிகுறி. "டோக்கனை எப்போது சந்தையில் பட்டியலிடுவார்கள்", "ஏர்டிராப் (இலவச டோக்கன்) எப்போது" என்று மட்டும் பேசினால் அங்கே விளையாட்டு இல்லை, காத்திருப்பு மட்டும்தான். அப்புறம், வெகுமதி கொடுக்கும் காலம் முடிந்த வாரத்தில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது.

கேம் வருவதற்கு முன்பே என்ன விற்றார்கள் என்பதையும் தேடுங்கள். எம்பர் ஸ்வார்டு என்ற கேம் 2021லேயே அதன் உலகத்தில் உள்ள நிலங்களை விற்றது. 2025 மே மாதத்தில் அதை மூடுவதாக அறிவித்தார்கள். நிலம் வாங்கியவர்கள் பல வருடம் காத்திருந்தார்கள். எடுத்துக்கொண்ட வேலை பெரியது, அது முடியாமல் போவது கேம் துறையில் சகஜம். ஆனால் ஆடவே முடியாத நிலையில் நிலம் வாங்குவது கேம் வாங்குவது ஆகாது.

நான் இன்னொன்றும் செய்வேன். தோற்ற பிறகு "இன்னொரு ஆட்டம்" என்று கை தானாகப் போகிறதா என்று கவனிப்பேன். ஒரு வாரம் வாலட் பக்கமே போகாமல் விளையாடினால் பதில் தெரிந்துவிடும்.

"நான் வாங்கின பொருள் எனக்கே சொந்தம்ங்கிறாங்க. நாளைக்கு கேமை மூடிட்டா?"

பேரேட்டில் உள்ள பதிவு உங்களுடையதுதான், அந்தப் பேரேடு ஓடும் வரை அது அழியாது. ஆனால் அந்த வாளை வீசுவதற்கு ஒரு உலகம் வேண்டும். அந்த உலகம் நிறுவனத்தின் சர்வரில் ஓடுகிறது.

அனிமோகா பிராண்ட்ஸ் நடத்திய எஃப்1 டெல்டா டைம் என்ற பந்தய கேமில், 2019ல் ஒரு காரின் என்எஃப்டி ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை போனது. ஃபார்முலா 1 உரிமம் புதுப்பிக்கப்படாததால் 2022 மார்ச்சில் கேமை மூடினார்கள். வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் வேறு கேம்களில் பயன்படும் மாற்றுப் பொருள்கள் கொடுத்தார்கள். பழைய காரை ஓட்டத் தடம் இல்லை. ஒரு கேமின் வாளை இன்னொரு கேமில் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், எந்த கேமில், இன்று முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு கேமுக்கும் வாளின் வடிவம், வலிமை, அசைவு எல்லாம் தனியாகச் செய்யப்படுபவை. மற்ற நிறுவனம் உட்கார்ந்து வேலை செய்தால்தான் அது அங்கே தெரியும்.

"ஸ்டீம்ல தேடினா வரமாட்டேங்குது. ஐபோன்லயும் பாதிதான் இருக்கு. தடை பண்ணிட்டாங்களா?"

ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2021 அக்டோபரில், கிரிப்டோ நாணயங்களையோ என்எஃப்டிகளையோ வெளியிடும் அல்லது மாற்றிக்கொள்ள விடும் கேம்களுக்கு இடமில்லை என்று விதி போட்டது. எபிக் கடை இடம் கொடுத்தது. மைன்கிராஃப்ட்டை உருவாக்கிய மோஜாங் 2022 ஜூலையில் தங்கள் கேமில் என்எஃப்டி கூடாது என்றது. ஆப்பிள் 2022 அக்டோபரில், என்எஃப்டியைச் செயலிக்குள் விற்கலாம், ஆனால் வெளியே வாங்கிய என்எஃப்டியைக் காட்டிச் செயலிக்குள் புதிய வசதியைத் திறக்க முடியாது என்று எழுதியது. அதனால்தான் ஐபோன் பதிப்புகள் அரைகுறையாகத் தெரிகின்றன.

கூகள் பிளே 2023 ஜூலையில் கொண்டுவந்த விதி எனக்குப் பிடித்தது. என்எஃப்டி இருப்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், விளையாடியோ விற்றோ சம்பாதிக்கலாம் என்று கவர்ச்சியாக விளம்பரம் செய்யக் கூடாது. விளையாட்டை முன்னால் வைக்கச் சொல்லி ஒரு கடையே கட்டாயப்படுத்தியது போலத்தான்.

"காசு போட்டவன்தானே ஜெயிப்பான்? நாங்கல்லாம் அடி வாங்கத்தான் போகணுமா?"

விற்கும் பொருள் தோற்றத்தை மட்டும் மாற்றுகிறதா, வலிமையைக் கூட்டுகிறதா என்று பாருங்கள். தோற்றம் மட்டும் என்றால் கவலை இல்லை. கார்டு கேம்களில் அரிய கார்டுகள் வலிமையாகவும் இருக்கும். அங்கே, இலவசமாக ஆடுபவர்களும் போதுமான கார்டுகளைச் சேர்க்க முடிகிறதா, சமமானவர்களோடு மோதவிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. இந்தக் குறை பிளாக்செயினோடு வந்ததில்லை. கைப்பேசி கேம்கள் பலவற்றில் முன்பே இருந்ததுதான்.

"டோக்கன் விலை விழுந்தா கேமும் செத்துடுமா?"

அந்த கேமுக்குள் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஆக்ஸியில் என்ன நடந்தது என்று மேலே சொன்னேன். எல்லாரும் எடுக்க வந்தவர்களாக இருந்தால், கொடுப்பவர் யார்?

சமூக மன்றத்தில் பூப்பந்து அரங்கை முன்பதிவு செய்கிறோம். கட்டணம் கட்டுகிறோம், வியர்க்க விளையாடுகிறோம், வீட்டுக்குப் போகிறோம். கட்டிய வெள்ளி லாபத்தோடு திரும்ப வருமா என்று யாரும் கேட்பதில்லை. மகிழ்ச்சி கிடைத்தது, அதற்கு விலை கொடுத்தோம். ஒரு கேமில் இப்படிப்பட்டவர்கள் நிறைய இருந்தால், அவர்கள் கொடுப்பதில் ஒரு பங்கு திறமையான சிலருக்குப் பரிசாகப் போகலாம். வடிவமைப்பாளருக்கு வருமானம், போட்டியில் ஜெயித்தவருக்குப் பரிசு எல்லாம் சாத்தியம். அப்போது டோக்கன் விலை பாதியாகக் குறைந்தாலும், மாலையில் வந்து விளையாடுபவருக்கு ஒன்றும் மாறாது.

டோக்கன் இருந்தே ஆக வேண்டும் என்றால், எவ்வளவு உருவாகிறது, எவ்வளவு அழிகிறது என்று கணக்குப் பாருங்கள். பழுதுபார்ப்பு, போட்டி நுழைவு, அலங்காரம் என்று ஆட்டக்காரர்கள் விரும்பிச் செலவழிக்கும் வழிகள் இருக்க வேண்டும். "வைத்திருந்தால் இன்னும் டோக்கன் தருவோம்" என்பது செலவு அல்ல, பிரச்சினையைத் தள்ளிப்போடுவது.

"ரிவார்டு குடுக்குற கேம்ல எல்லாம் ஏன் ஒரே பாட்டா இருக்கு?"

பாட் என்பது மனிதருக்குப் பதிலாகத் தானே விளையாடும் நிரல். காசு கிடைக்கும் இடத்துக்கு நிரல் எழுதத் தெரிந்தவர்கள் முதலில் வருவார்கள். ஒருவரே நூற்றுக்கணக்கான கணக்குகளைத் திறந்து, மரம் வெட்டுவதையும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் கணினியை விட்டுச் செய்ய வைப்பார். உடனே நிறுவனம் தடுப்புகள் போடும். பிக்சல்ஸ் என்ற பண்ணை கேம் நற்பெயர் மதிப்பெண் என்று ஒன்றை வைத்தது. மதிப்பெண் குறைவாக இருந்தால் டோக்கனை வெளியே எடுப்பதற்குக் கட்டுப்பாடு. இது தேவையான நடவடிக்கைதான், ஆனால் புதிதாக வந்த நிஜ மனிதரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார். கேமை அழகாக்கப் போயிருக்க வேண்டிய உழைப்பு காவல் வேலைக்குப் போகிறது. எதைச் செய்தாலும் டோக்கன் என்று கொடுக்காமல், எதிராளியோடு மோதி ஜெயிக்க வேண்டிய இடத்தில் மட்டும் பரிசு வைத்தால் பாட்டுகளின் தொல்லை ஓரளவு குறையும்.

"சிங்கப்பூர்ல இது சட்டப்படி சரியா? ஏதாவது வந்தா வரி கட்டணுமா?"

விளையாடுவதற்குத் தடை இல்லை. 2020 ஜனவரி 28ல் நடப்புக்கு வந்த கட்டணச் சேவைகள் சட்டம், டோக்கன் வாங்கி விற்கும் சேவை வழங்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. கேமுக்குள் மட்டும் பயன்படும், பணமாக மாற்ற முடியாத பொருள்களை அந்தச் சட்டம் தனியாக ஒதுக்கி வைக்கிறது. வெளியே விற்க முடிகிற டோக்கனாக ஆகும்போதுதான் கதை மாறுகிறது. 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையம் கிரிப்டோ சேவைகளைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தக் கூடாது என்று வழிகாட்டியது. எம்ஆர்டி ரயிலில் அந்த விளம்பரங்கள் தெரியாததற்கு அதுதான் காரணம். உள்ளூர்க் கடன் அட்டையில் டோக்கன் வாங்க விடக் கூடாது, சேர்வதற்குச் சலுகை கொடுத்து இழுக்கக் கூடாது என்ற விதிகளும் உண்டு.

சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி கிடையாது. எப்போதாவது ஒரு கார்டை விற்றதில் கிடைத்த லாபத்துக்குப் பொதுவாகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் தொழில்போலத் தொடர்ந்து வாங்கி விற்றாலோ, செய்த வேலைக்குச் சம்பளமாக டோக்கன் வாங்கினாலோ அது வருமானம். உள்நாட்டு வருவாய் ஆணையம் அப்படித்தான் பார்க்கிறது. தொகை பெரிதாக இருந்தால் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

"பெட்டி திறந்தா என்ன வரும்னு தெரியாது, வந்ததை விக்கலாம். இது சூதாட்டம் இல்லையா?"

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பணம் கட்டுவது, அதிர்ஷ்டம், பணமதிப்புள்ள பரிசு ஆகிய மூன்றும் ஒன்றாக வரும்போது சட்டம் உற்றுப் பார்க்கும். 2022 ஆகஸ்ட் 1 முதல் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது, சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கவனிக்கிறது. சாதாரண கேமின் பெட்டியில் வந்த பொருளைப் பெரும்பாலும் விற்க முடியாது என்பதால் மூன்றாவது அம்சம் இல்லை. பிளாக்செயின் கேமில் அது எளிதாக வந்துவிடுகிறது. மேலே சொன்ன கூகள் விதியும், என்ன மதிப்பு என்று தெரியாத பொருளுக்காகப் பணம் வாங்குவதை அனுமதிப்பதில்லை. என் கருத்தில், என்ன கிடைக்கும் என்று தெரிந்து வாங்கும் கேம்களே போதும்.

"தம்பி, என் மகன் உயர்நிலை இரண்டு படிக்கிறான். இதெல்லாம் விளையாடுறேன்னு கேக்குறான். விடலாமாப்பா?"

அக்கா, முதலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். "இதில் என்ன நல்லா இருக்கு?" என்று கேளுங்கள். எதிரியை எப்படி ஏமாற்றினேன் என்று கண் விரியச் சொன்னால், அவன் விளையாடுகிறான். எத்தனை வெள்ளி ஆகும் என்று மட்டும் சொன்னால், பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வாலட் இல்லாத இலவசக் கேமாக இருக்கட்டும். டோக்கன் மாற்றும் சேவையில் அவன் வயதுக்குக் கணக்கு திறக்க முடியாது. உங்கள் சிங்பாஸ் மின்னடையாளத்தைக் கொடுத்துத் திறந்து தராதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். கேமுக்குச் செலவு செய்ய மாதம் இவ்வளவு என்று நீங்கள் கொடுக்கும் காசு திரும்ப வராது என்று இருவரும் ஒத்துக்கொண்டு கொடுங்கள். நேரக் கட்டுப்பாடு எல்லாம் மற்ற கேம்களுக்கு உள்ளது போலவே.

"ஹேக் பண்ணி எல்லாத்தையும் எடுத்துடுவாங்கன்னு பயமா இருக்கு. நிஜமா?"

நடந்திருக்கிறது. ஆக்ஸி ஓடிய ரோனின் வலையமைப்பில் 2022 மார்ச் 23ல் 1,73,600 ஈதரும் (எதீரியத்தின் நாணயம்) 2.55 கோடி யுஎஸ்டிசியும் (டாலர் மதிப்போடு இணைந்த டோக்கன்) திருடுபோயின. மதிப்பு 60 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். பணத்தை வெளியே அனுப்ப, ஒப்புதல் தரும் ஒன்பது மின்சாவிகளில் ஐந்து போதும். அந்த ஐந்தும் திருடர்கள் கைக்குப் போய்விட்டன. ஆறு நாள் கழித்து, ஓர் ஆட்டக்காரர் தன் பணத்தை எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் தெரியவந்தது. வட கொரியாவோடு தொடர்புடைய லாசரஸ் குழுவின் வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ கூறியது. ஆட்டக்காரர்களின் இழப்பை நிறுவனம் பிறகு ஈடுகட்டியது.

நமக்கு நேரடியாக வரும் ஆபத்து வேறு மாதிரி. "எங்கள் புதிய கேமைச் சோதித்துப் பாருங்கள், காசு தருகிறோம்" என்று டிஸ்கார்டில் ஒருவர் கோப்பு அனுப்புவார். அது கணினியில் உள்ள கடவுச்சொற்களைத் திருடும் நிரல். இல்லையென்றால் இலவச என்எஃப்டி என்று ஒரு பக்கத்தில் வாலட்டை இணைக்கச் சொல்வார்கள், ஒரு முறை ஒப்புதல் கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். வாலட்டின் 12 அல்லது 24 மீட்புச் சொற்களை யார் கேட்டாலும், கேம் நிறுவனத்தின் உதவிப் பிரிவு என்று சொன்னாலும், கொடுக்காதீர்கள். விளையாட ஒரு வாலட், சேமிக்க வேறொன்று என்று பிரித்து வையுங்கள். சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

"பாலிடெக்னிக்ல கேம் டிசைன் படிக்கிறேன் அண்ணே. நானே ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன். டோக்கனை எப்ப சேர்க்கணும்?"

சேர்க்காமலேயே ஆரம்பி. பிளாக்செயின் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களிடம் உன் மாதிரிப் பதிப்பைக் கொடு, அடுத்த வாரம் அவர்களாகத் திரும்பக் கேட்கிறார்களா பார். இங்கே சிங்கப்பூரில் உள்ள மைட்டி பேர் கேம்ஸ், ஆப்பிள் ஆர்கேடு என்ற சந்தா சேவைக்கு பட்டர் ராயல் என்ற கேமைச் செய்த பிறகுதான் பிளாக்செயின் பக்கம் போய் மைட்டி ஆக்‌ஷன் ஹீரோஸ் செய்தார்கள். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை ஓட வைக்கும் கைப்பழக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது.

ஆட்டக்காரர்களே "இதை நண்பனுக்கு மாற்றிக்கொடுக்க முடியுமா?" என்று கேட்க ஆரம்பித்தால், பொருள்களை மட்டும் என்எஃப்டி ஆக்கிப் பார். நாணயம் போன்ற டோக்கன் கடைசி. அதற்கு முன் உருவாவது, அழிவது பற்றி மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு, புதிய ஆட்டக்காரர் ஒருவர்கூட வராத மாதத்தில் என்ன ஆகும் என்று எழுதிப் பார். அப்படியும் டோக்கன் வேண்டும் என்று முடிவெடுத்தால், நிரல் எழுதும் முன்பே நிதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்துவிடு. 2025 ஜூன் 30 முதல், சிங்கப்பூரில் இருந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் டோக்கன் சேவை வழங்கும் நிறுவனங்களுக்கும் உரிமம் தேவை. "நம் ஆட்டக்காரர்கள் எல்லாம் வெளிநாட்டில்தானே" என்று விட்டுவிட முடியாது.